செக் நாட்டு ரவைக் கஞ்சி வீட்டில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் நாட்டில் 'க்ருபிட்சோவா கஷெ' என்றால் பாலில் காய்ச்சிய ரவைக் கஞ்சி. தட்டில் ஊற்றி, மேலே கோகோவும் சர்க்கரையும் தூவி, உருக்கிய வெண்ணெய் விட்டுச் சாப்பிடுவார்கள். ப்ர்னோ நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு இது அடிக்கடி வரும். செய்முறை கேட்கும் நண்பர்களும், பிள்ளையை இங்கே பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டு "மதியச் சாப்பாட்டுக்கு இனிப்புக் கஞ்சியா கொடுக்கிறார்கள்?" என்று திகைக்கும் பெற்றோரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது நம்ம ரவா பாயசம்தானே? புதிதாக என்ன இருக்கிறது?

பொருள்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பால், ரவை, சர்க்கரை, வெண்ணெய். ஆனால் செய்கிற முறையும் சாப்பிடுகிற இடமும் வேறு. இதில் ரவையை நெய்யில் வறுப்பதில்லை. கஞ்சிக்குள் சர்க்கரை பெயருக்குத்தான் போகும். இனிப்பெல்லாம் மேலே தூவுவதிலிருந்து வருகிறது. சாப்பாடு முடிந்தபின் கிண்ணத்தில் கொஞ்சமாகக் கொடுக்கிற பண்டமும் இல்லை இது. ஒரு முழுத் தட்டு, அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

செக் சமையலில் இனிப்பையே முக்கிய உணவாகச் சாப்பிடுகிற வழக்கம் பழையது. முதலில் ஒரு சூப், அடுத்து பிளம்ஸோ ஆப்ரிகாட்டோ உள்ளே வைத்து வேகவைத்த மாவு உருண்டை, அல்லது ரொட்டியும் ஆப்பிளும் அடுக்கிச் சுட்ட ஷெம்லோவ்கா, அல்லது இந்தக் கஞ்சி. அதோடு சாப்பாடு முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும். ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட வேண்டியது திகட்டக்கூடாது. அதனால்தான் உள்ளே அடக்கமாகவும் மேலே தாராளமாகவும் செய்கிறார்கள்.

அளவு சொல்லுங்கள்.

நான்கு பேருக்கு:

பால் 1 லிட்டர்
மெல்லிய ரவை 100 கிராம் (டேபிள்ஸ்பூனில் ஒன்பது, பத்து வரும்)
சர்க்கரை 1 அல்லது 2 டேபிள்ஸ்பூன்
உப்பு ஒரு சிட்டிகை
வெண்ணெய் கஞ்சிக்குள் 1 டேபிள்ஸ்பூன், மேலே விட ஒவ்வொரு தட்டுக்கும் 10 கிராம்
மேலே தூவ: கோகோ 4 டீஸ்பூன், பொடித்த சர்க்கரை 8 டீஸ்பூன்

லிட்டருக்கு 100 கிராம் என்பதை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். தளர்வாக வேண்டுமென்றால் 80 கிராம், கரண்டி நிற்கிற மாதிரி வேண்டுமென்றால் 120 கிராம். முதல்முறை செய்கிறவர்களுக்கு இந்த அளவு மிகக் குறைவாகத் தெரியும். உப்புமாவுக்கு ரவை போட்டுப் பழகிய கை இன்னொரு பிடி சேர்க்கத் துடிக்கும். சேர்க்காதீர்கள். ரவை பாலை இழுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும்.

செய்முறையை முதலிலிருந்து சொல்ல முடியுமா?

அடிகனமான பாத்திரம் ஒன்றை எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். துடைக்க வேண்டாம், அந்த ஈரத்தோடு பாலை ஊற்றுங்கள். செக் பாட்டிமார் எல்லோரும் சொல்கிற உபாயம் இது. அடியில் இருக்கும் நீர்ப்படலம் பாலின் புரதம் சூடான உலோகத்தில் நேராக ஒட்டுவதைத் தள்ளிப்போடும். அடிப்பிடிப்பதை முழுக்கத் தடுக்காது, ஆனால் வித்தியாசம் தெரியும்.

பாலில் உப்பையும் சர்க்கரையும் போட்டு மிதமான தீயில் வையுங்கள். பொங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பாத்திரத்தின் ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து, நடுவில் பால் லேசாக அசையத் தொடங்கும்போதே தீயைக் குறையுங்கள். இப்போது வலது கையில் விஸ்க் (முட்டை அடிக்கிற கம்பிக் கரண்டி), இடது கையில் ரவை. ரவையை ஒரு சாண் உயரத்திலிருந்து விரல் இடுக்கு வழியாக மெல்லிய சாரலாக விடுங்கள். விடும்போதே விஸ்க் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 100 கிராம் ரவை உள்ளே போய்ச் சேர ஒரு நிமிடம் ஆனால் சரியான வேகம்.

அதன்பின் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பால் பாலாகவே இருக்கும், ரவை அடியில் படியப் பார்க்கும். கையை நிறுத்தக்கூடாத நேரம் அதுதான். மூன்றாவது நிமிடத்தில் விஸ்க் போன தடம் பாலின் மேல் ஒரு நொடி நின்று மறையும். அதைப் பார்த்ததும் விஸ்கை எடுத்துவிட்டு மரக்கரண்டிக்கு மாறுங்கள். கரண்டியால் அடியையும் மூலையையும் சுரண்டினாற்போலக் கிளறுங்கள். சிம்மில் வைத்து மெல்லிய ரவைக்கு இன்னும் நான்கு நிமிடம், பெரிய ரவைக்கு எட்டு நிமிடம். கடைசியில் கஞ்சி பெரிய குமிழிகளாக 'பொளக்' என்று வெடிக்கும். அது கையில் தெறித்தால் நன்றாகச் சுடும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விரும்பும் பதத்தைவிட ஒரு படி தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். வெண்ணெயைப் போட்டுக் கலக்கி இரண்டு நிமிடம் மூடி வைத்துவிட்டுத் தட்டில் ஊற்றலாம். ஊற்றியதும் தானாகப் பரவி மட்டமாக நிற்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடவும் கூடாது, குவியலாக உட்காரவும் கூடாது.

கட்டி தட்டுகிறது. என்ன செய்வது?

ரவையில் உள்ள மாவுச்சத்து கிட்டத்தட்ட 60 டிகிரி செல்சியஸில் நீரை உறிஞ்சி ஊதத் தொடங்கும். ஒரு பிடி ரவை ஒரே இடத்தில் கொதிக்கிற பாலில் விழுந்தால் வெளிப்பக்கம் உடனே பசையாகி மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது காய்ந்தே கிடக்கும். கட்டி என்பது அதுதான். எனவே மெல்லிய சாரலாக விடுவது ஒரு வழி. பயமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு: ரவையைக் குளிர்ந்த பாலிலேயே போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்றிக் கிளறிக்கொண்டே கொதிநிலைக்குக் கொண்டுவாருங்கள். இதில் கட்டி அநேகமாக வராது. ஆனால் தொடக்கத்திலிருந்தே அடுப்படியை விட்டு நகர முடியாது, அடிப்பிடிக்கும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல்.

கட்டி வந்தேவிட்டால் தீயை அணைத்துவிட்டு விஸ்கால் பாத்திரத்தின் சுவரோடு சேர்த்து அழுத்தி உடைக்கலாம். விஸ்க் இல்லாத வீட்டில் மோர் கடைகிற மத்து இந்த வேலைக்கு நன்றாகவே உதவும்.

எந்த ரவை வாங்க வேண்டும்?

செக் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். 'ஜெட்ஸ்கா க்ருபிச்கா' என்று பொட்டலத்தில் போட்டிருப்பது குழந்தைகளுக்கான மெல்லிய ரவை. 'ஹ்ருபா' என்று இருந்தால் பெரிய ரவை. அது சூப்பில் போடும் சின்ன உருண்டைகளுக்கும் மாவு பிசையவும் பயன்படும். கஞ்சிக்கு மெல்லியதுதான் வழக்கம். இரண்டுமே சாதாரணக் கோதுமையில் உடைத்தவை. பாஸ்தாவுக்கு எடுக்கும் டியூரம் கோதுமை ரவையில் செய்தால் கஞ்சி மஞ்சளாகி, பல்லில் படுகிற மாதிரி இருக்கும்.

செக் கடையில் புதிதாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 'ட்சுக்ர் க்ருபிட்செ' என்று எழுதிய பொட்டலம் ரவை அல்ல, ஒரு வகைச் சர்க்கரை. வெள்ளையாக, ஒரு கிலோ பொட்டலமாக, மாவு அடுக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

நம் ஊரில் செய்கிறவர்களுக்கு: சிரோட்டி ரவை என்று விற்கிற மிக மெல்லிய ரவை இதற்கு நெருக்கமாக வரும். அது கிடைக்காவிட்டால் சாதாரண பம்பாய் ரவையே போதும். கொஞ்சம் நேரம் கூடுதலாக வேக வேண்டும், அவ்வளவே. மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுத்தால் பதம் இன்னும் நன்றாக இருக்கும். சம்பா கோதுமை ரவை வேண்டாம், அது தவிட்டோடு உடைத்தது, இந்த வழவழப்பு அதில் வராது.

வறுத்த ரவை பொட்டலம்தான் வீட்டில் இருக்கிறது. பரவாயில்லையா?

செய்யலாம். ஆனால் அந்த வறுத்த வாசனை பாலின் மணத்தை முழுக்க அமுக்கிவிடும். வறுத்த ரவை பாலைக் குறைவாகவும் மெதுவாகவும் இழுக்கும் என்பதால் மணிமணியாகத் தனித்து நிற்கும். உப்புமாவுக்கு நாம் வறுப்பதே அப்படிப் பொலபொலவென்று வரத்தானே. இங்கே வேண்டியது அதற்கு நேர் எதிர்: ரவை எங்கே முடிந்து பால் எங்கே தொடங்குகிறது என்று நாக்குக்குத் தெரியக்கூடாது. வறுக்காத ரவை கிடைத்தால் அதையே எடுங்கள். சல்லடையில் ஒருமுறை சலித்துப் பூச்சி பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் எப்படி இருக்க வேண்டும்?

செக் வீடுகளில் 3.5 சதவீதக் கொழுப்புள்ள பாலோ 1.5 சதவீதப் பாலோ எடுப்பார்கள். 3.5 சதவீதத்தில் செய்தால் சுவை நிறைவாக இருக்கும். ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலம் அப்படியே சரி. பச்சையில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்க்கலாம். ஆரஞ்சுப் பாலை அப்படியே காய்ச்சினால் மேலே விடும் வெண்ணெயோடு சேர்ந்து கனமாகி, பாதித் தட்டிலேயே போதும் என்றாகிவிடும். முன்பே காய்ச்சிய பாலென்றால் ஏட்டை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். நீண்ட நாள் கெடாத டப்பாப் பாலும் ஆகும், செக் வீடுகளில் பெரும்பாலும் அதைத்தான் வாங்கி அடுக்கி வைத்திருப்பார்கள்.

பாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து செய்கிற வீடுகளும் உண்டு. சாப்பிட முடியும். எனக்கு அது நோயாளிக் கஞ்சியாகவே படுகிறது.

இனிப்புக்கு எதற்கு உப்பு?

ஒரு சிட்டிகைதான். உப்பில்லாத ரவைக் கஞ்சி எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மந்தமாகவே இருக்கும். விட்டுப் பாருங்கள், தெரியும்.

ஏலக்காய், முந்திரி, குங்குமப்பூ சேர்க்கலாமா?

உங்கள் சமையலறை, உங்கள் விருப்பம். ஆனால் செக் கஞ்சி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளச் செய்கிறீர்கள் என்றால், முதல்முறையாவது சேர்க்காமல் செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஏலக்காய் போட்ட நொடியில் இது பாயசமாகிவிடும். நல்ல பாயசமாகக்கூட வரலாம். ஆனால் பாலும் கோதுமையும் மட்டும் சேர்ந்து தரும் அந்த இளஞ்சுவை எங்கே போனது என்றே தெரியாது. மணத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் வெனிலா சர்க்கரை ஒரு டீஸ்பூன், அல்லது எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதி மட்டும் ஒரு கீற்று பாலோடு கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். அங்கேயும் இவை இரண்டும் பழக்கத்தில் உள்ளவைதான்.

மேலே என்னென்ன தூவலாம்?

சுவை முழுவதும் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலிடம் கோகோவுக்கு. ஒரு பங்கு கோகோ, இரண்டு பங்கு பொடித்த சர்க்கரை. இரண்டையும் தனியாகக் கலந்து சலித்து வைத்துக்கொண்டு, தட்டில் ஊற்றிய கஞ்சி மேல் படலம் கட்டத் தொடங்கியதும் டீ வடிகட்டியால் சீராகத் தூவுங்கள். ஊற்றிய உடனே தூவினால் கோகோ முழுகிச் சகதியாகிவிடும். செக் கடைகளில் 'டச்சு கோகோ' என்று விற்பது காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் புளிப்பைக் குறைத்த வகை. நிறம் அடர்த்தியாகவும் சுவை மென்மையாகவும் இருக்கும். இனிப்பில்லாத கோகோ பொடி எதுவானாலும் ஆகும். குழந்தைகளோ பெரும்பாலும் 'க்ரான்கோ' கேட்பார்கள். பாலில் கரைத்துக் குடிக்கும் இனிப்புக் கோகோ துகள் அது, செக் நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சமையலறை அலமாரியில் இருப்பது. அதைத் தூவினால் தனியாகச் சர்க்கரை வேண்டாம்.

அடுத்தது உருக்கிய வெண்ணெய். கோகோ தூவிய பிறகுதான் விட வேண்டும். முன்பே விட்டால் தூள் ஒட்டாது. ஒரு சின்னக் கரண்டியில் உருக்கி, சூடாக, கம்பியாக வட்டமிட்டு விடுங்கள். வெண்ணெய் விழுந்த இடத்தில் கோகோ கறுத்துப் பளபளக்கும், மற்ற இடத்தில் காய்ந்த தூளாகவே இருக்கும். ஒரே கரண்டியில் இரண்டும் வர வேண்டும்.

பட்டைப்பொடியும் சர்க்கரையும் இரண்டாவது வழக்கம். பத்துப் பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு பட்டை. ஐரோப்பியக் கடைகளில் பட்டைப்பொடி என்று வருவது பெரும்பாலும் காசியா வகை, காரமானது. இலங்கைக் கறுவாப்பட்டை கைவசம் இருந்தால் அதையே பொடித்துப் போடுங்கள், இந்தக் கஞ்சியின் மென்மைக்கு அதுதான் பொருந்தும்.

துருவிய பெர்னீக் இன்னொன்று. தேனும் மசாலாவும் சேர்த்துச் சுட்ட கெட்டியான ரொட்டி வகை அது, பார்துபிட்செ ஊரின் பெர்னீக்குக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடே இருக்கிறது. தூவுவதற்கென்று துருவியே பாக்கெட்டில் விற்பார்கள். கிராம்பும் பட்டையும் கலந்த அதன் மணம் சூடான வெண்ணெயில் எழும்பி வரும்போது எனக்குக் கோகோவைவிட இதுவே மேல் என்று தோன்றும்.

பழம் சேர்ப்பதென்றால் பாகில் போட்டுப் புட்டியில் அடைத்த ஆப்ரிகாட், செர்ரி, பிளம்ஸ். அல்லது 'பொவிட்லா', பிளம்ஸ் பழத்தைப் பல மணி நேரம் கிளறிச் சுண்டவைத்த கறுப்புக் களி. அதன் புளிப்பு இந்தக் கஞ்சிக்கு மிக நன்றாக அமையும். தேன், அரைத்த கசகசா, துருவிய சாக்லேட் என்று வீட்டுக்கு வீடு மாறும். ஒரே தட்டில் இவையெல்லாவற்றையும் குவிக்க வேண்டாம். ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

வெண்ணெய்க்குப் பதில் நெய் விடலாமா?

உப்பில்லாத வெண்ணெய் முதல் தேர்வு. உப்பு போட்ட வெண்ணெய்தான் இருக்கிறதென்றால் பாலில் உப்பு சேர்க்காதீர்கள். நெய் அந்நியம் ஒன்றும் இல்லை, செக் சமையலிலும் வெண்ணெயை உருக்கித் தெளியவைத்துச் சேமிக்கிற பழைய வழக்கம் உண்டு. ஆனால் நன்றாக முறுகக் காய்ச்சிய நம் வீட்டு நெய்க்கு மணம் அதிகம். விடுவதாக இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

எப்படிச் சாப்பிடுவது? நாக்கு வெந்துபோகிறதே.

நடுவில் கரண்டியை வைக்கக்கூடாது. கஞ்சி முதலில் ஆறுவது ஓரத்தில்தான். தட்டின் விளிம்பிலிருந்து கரண்டியின் ஓரத்தால் மெல்லிசாக வழித்து, வட்டமாகச் சுற்றி, மெதுவாக உள்நோக்கிப் போக வேண்டும். ஆழமான கிண்ணத்தைவிட அகலமான தட்டில் ஊற்றுவதும் இதற்குத்தான். சமைத்த சூட்டோடேயே எந்தக் கஞ்சியும் சாப்பிடப்படுவதில்லை என்று செக்கில் ஒரு பழமொழி உண்டு, அவசரப்பட்டுப் பதறுகிறவர்களுக்குச் சொல்வது. அதன் நேர்ப்பொருளை இந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் எந்தக் குழந்தையும் அறியும்.

பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு இதைத்தான் கொடுக்கிறார்களாம். பிள்ளைக்கு வயிறு நிறையுமா?

நிறையும். கால் லிட்டர் பாலும் 25 கிராம் ரவையும் சேர்ந்தாலே சுமார் 11 கிராம் புரதம் இருக்கிறது. வெண்ணெய், சர்க்கரை, கோகோவோடு ஒரு தட்டு ஏறக்குறைய 380 கிலோ கலோரி வரும். அதற்கு முன்னால் காய்கறியோ பருப்போ போட்ட ஒரு சூப்பும் கட்டாயம் இருக்கும். செக் பள்ளிச் சமையலறைகள் அரசு விதிமுறைகளின்படி நடக்கின்றன. பால், காய்கறி, பருப்பு, இறைச்சி, சர்க்கரை என ஒவ்வொன்றும் மாதத்தில் எவ்வளவு போயிருக்க வேண்டும் என்று கணக்கு வைக்கிறார்கள். இனிப்பு முக்கிய உணவை அடிக்கடி வைக்க வேண்டாம் என்பதுதான் பரிந்துரையும். ஆகவே தினமும் இதுவே வருமோ என்ற கவலை வேண்டாம்.

பிள்ளை இதைச் சாப்பிட மறுத்தால் பெரும்பாலும் காரணம் 'ஷ்க்ரலோப்', அதாவது மேலே கட்டுகிற ஏடு. அதை வெறுக்காத செக் குழந்தை அரிது. வீட்டில் ஏடு கட்டாமல் இருக்க, இறக்கியதும் மூடி வையுங்கள், தட்டில் ஊற்றியதும் அதிகம் காத்திருக்காமல் கோகோவைத் தூவிவிடுங்கள்.

இது எவ்வளவு பழைய உணவு?

கஞ்சி என்ற அளவில் மிகப் பழையது. செக் நிலத்தில் ஏழை வீடுகளில் தினைவகைச் சிறுதானியம், ஓட்ஸ், வாற்கோதுமை இவற்றில்தான் கஞ்சி காய்ச்சினார்கள். வெள்ளைக் கோதுமை ரவை வசதியானவர்களுக்கும், குழந்தைகளுக்கும், உடம்பு சரியில்லாதவர்களுக்கும், பண்டிகை நாட்களுக்கும் உரியது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு விருந்தில் தேன் விட்ட கஞ்சி இடம்பெறுகிற வழக்கம் இருந்தது. செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் பழைய கிராமத்துக் கல்யாணங்களில் விருந்தின் கடைசியில் கஞ்சி வரும்போது, சமையல்காரம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, கஞ்சி கிண்டிக் கை வெந்துவிட்டது என்று விருந்தினரிடம் காசு வசூலிப்பார்.

இனிப்பு எல்லார் வீட்டுக்கும் வந்தது 19ஆம் நூற்றாண்டில், பீட்ரூட் சர்க்கரை ஆலைகள் பெருகியபோது. மேற்குப் பகுதியான போஹேமியாவும் மொராவியாவும் அப்போது சர்க்கரைத் தொழிலில் முன்னணியில் இருந்தன. சர்க்கரைக் கட்டி பிறந்ததே மொராவியாவின் தாச்சிட்செ என்னும் சிற்றூரில்தான். அங்கிருந்த ஆலையின் இயக்குநர் யாகுப் க்ரிஷ்டொஃப் ராட் 1843இல் அதற்கு உரிமம் பெற்றார். தேனுக்குப் பதில் சர்க்கரை, அதன்பின் கோகோ என்று தட்டின் மேல்பகுதி மாறிக்கொண்டே வந்தது. கீழே இருக்கும் கஞ்சி மாறவில்லை. ஸ்லோவாக்கியா, போலந்து, ஹங்கேரி, ஆஸ்திரியா, ஜெர்மனி என்று சுற்றியுள்ள நாடுகள் எல்லாவற்றிலும் இதன் உறவினர்கள் உண்டு.

கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா?

ஆறு மாதத்துக்குப் பிறகு, திட உணவு தொடங்கியபின், கோதுமை ஒத்துக்கொள்கிறதா என்று கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்துச் சேர்க்கலாம். ஒரு வயதுக்குள் உப்பு, சர்க்கரை, கோகோ எதுவும் வேண்டாம். தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் அந்த வயதுக் குழந்தைக்கு ஆபத்து. லிட்டருக்கு 60 கிராம் ரவை என்ற அளவில் தளர்வாகக் காய்ச்சி, மசித்த வாழைப்பழம் சேர்த்துக் கொடுங்கள். குழந்தைக்கு ஒவ்வாமை ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டபின்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்?

ரவை நார்ச்சத்து நீக்கிய தானியம், குழையக் குழைய வேகவைத்தது, மேலே சர்க்கரை வேறு. இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஆசைக்கு ஒரு சின்னக் கிண்ணம், சர்க்கரையே இல்லாமல் கோகோவும் கொஞ்சம் வெண்ணெயும் மட்டும் போட்டுச் சாப்பிடலாம். ஒரு வேளைச் சாப்பாடாக இதை எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

கோதுமை ஒவ்வாது. பாலும் ஒவ்வாது. வழி உண்டா?

கோதுமைக்குப் பதில் அரிசி ரவை அல்லது மெல்லிய மக்காச்சோள ரவை. செக் கடைகளிலும் இரண்டும் உண்டு. அரிசி ரவை வேக இரண்டு மடங்கு நேரம் ஆகும், பாலும் கூடுதலாகக் குடிக்கும். பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால் ஓரளவு நெருங்கி வரும். தேங்காய்ப்பாலில் சுவையாகவே இருக்கும், ஆனால் அது வேறொரு பண்டம்.

கெட்டியாகிவிட்டது. அல்லது தண்ணியாக இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

கெட்டியென்றால் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விஸ்கால் அடியுங்கள். குளிர்ந்த பாலை விட்டால் திரிதிரியாகப் பிரிந்து நிற்கும். தளர்வாக இருந்தால் அவசரப்பட்டு ரவையைத் தூவ வேண்டாம். அடுப்பை அணைத்து மூடி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள், பாதி நேரம் தானாகவே சரியாகிவிடும். அப்படியும் இறுகாவிட்டால் ஒரு டேபிள்ஸ்பூன் ரவையைக் கால் டம்ளர் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

முட்டை சேர்க்கிறவர்கள் உண்டாமே?

உண்டு. இறக்குவதற்கு முன் ஒரு மஞ்சள் கருவைக் கொஞ்சம் சூடான கஞ்சியில் கரைத்து ஊற்றிக் கலக்கினால் நிறமும் கனமும் கூடும். வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து மெதுவாகக் கலந்து, இன்னும் இரண்டு நிமிடம் சிம்மில் சூடாக்கினால் பஞ்சு மாதிரி எழும்பும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியில் முட்டையும் ஆப்பிள் துண்டுகளும் சேர்த்து, 180 டிகிரி அவனில் அரைமணி நேரம் சுட்டால் 'நாகிப்' என்கிற இன்னொரு பண்டம். எளிமையான கஞ்சியே எனக்குப் போதும், ஆனால் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைக்கு நாகிப் நன்றாக இருக்கும்.

மீந்ததை என்ன செய்வது?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். ஆறியதும் அல்வா மாதிரி இறுகிவிடும். திரும்பச் சுடவைக்க, முதலில் கரண்டியால் உடைத்து, கால் பங்கு பால் சேர்த்துச் சிம்மில் கிளற வேண்டும்.

இன்னொரு வழி: சூடாக இருக்கும்போதே வெண்ணெய் தடவிய தட்டில் விரல் தடிமனுக்கு ஊற்றி ஆறவிடுங்கள். மறுநாள் துண்டு போட்டு, ரவையில் லேசாகப் புரட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சுட்டெடுங்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு. மேலே பட்டைச் சர்க்கரை. லிட்டருக்கு 120 கிராம் ரவை போட்டுக் காய்ச்சியிருந்தால்தான் துண்டு உடையாமல் நிற்கும்.

பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது.

முதலில் கஞ்சியைக் காப்பாற்றுங்கள். அடியைச் சுரண்டாமல் மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் தீய்ந்த வாசனை பெரும்பாலும் ஏறாது. காலியான பாத்திரத்தில் உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் விடாவிட்டால் ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து மரக்கரண்டியால் தள்ளினால் ஒட்டியது தகடாகப் பெயர்ந்து வந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் சோடா வேண்டாம், கறுத்துவிடும். அதற்கு ஒரு இரவு ஊறவைப்பதே போதும்.